வீட்டோட முத்திரை தவலை விளிம்புல இருந்துச்சு

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாசம் வந்த கேள்விகள்ல நிறைய ஒரே பக்கமா வந்திருக்கு. பழைய வீட்டைத் திறந்து விருந்தினரைத் தங்க வைக்கப் போறோம், இல்லேன்னா ஜனங்க வந்து பாக்கற மாதிரி வைக்கப் போறோம், லோகோ எப்படிப் போடறது, உள்ள வழி காட்டற போர்டு எங்க வைக்கறதுன்னு. இருபது வருஷமா போர்டும் எழுத்துமாவே திரியற எனக்கு இதைவிட சந்தோஷமான தபால் வராது. அதனால மத்த கேள்விகளை அடுத்த இதழுக்கு எடுத்து வச்சுட்டு இந்தத் தடவை இதை மட்டும் பேசறேன்.

கேள்வி: கானாடுகாத்தான் பக்கத்துல எங்க ஐயாவோட அப்பா கட்டின வீடு. இன்னைக்கு 14 புள்ளி (கல்யாணமான குடும்பம் ஒவ்வொண்ணும் ஒரு புள்ளி) பங்காளிங்க. எல்லாரும் ஒத்துக்கிட்டு 9 அறையை மட்டும் விருந்தினருக்குக் கொடுக்கலாம்னு முடிவு பண்ணியிருக்கோம். என் தம்பி மகன் கேன்வாங்கற டிசைன் ஆப்புல ஒரு லோகோ போட்டான். ரெண்டு மயில், நடுவுல அரண்மனை மாதிரி ஒரு வீடு, சுத்தித் தங்கக் கலர் வட்டம். பாதிப் பேருக்குப் பிடிச்சிருக்கு, பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கிறாங்க. என்ன பண்ணலாம்? – காரைக்குடியிலிருந்து ஒரு ஆச்சி

பதில்: ஆச்சி, முதல்ல அந்தப் பிள்ளையைத் திட்டாதீங்க. வீட்டு மேல ஆசை இருக்கறதாலதான் உக்காந்து வரைஞ்சிருக்கான். ஆனா அந்த லோகோ வேண்டாம்னுதான் நானும் சொல்வேன், ஏன்னா அதுல உங்க வீடு இல்லை. மயிலும் கோபுரமும் தங்க வட்டமும் ஜெய்ப்பூர் ஹோட்டலுக்கும் ஒட்டும், திருச்சி நகைக்கடைக்கும் ஒட்டும், கல்யாண மண்டபத்துக்கும் ஒட்டும். உங்க வீட்டுக்கு மட்டும் ஒட்டற மாதிரி ஒண்ணு வேணும், அதை வரையறதுக்கு முன்னாடி தேடணும்.

லோகோன்னா என்னன்னு உங்க செட்டிநாட்டு ஆளுங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதே இல்லை. பர்மா, இலங்கை, மலேயான்னு கொண்டுவிக்கப் போன காலத்துலயே ஒவ்வொரு குடும்பத்துக்கும் விலாசம்னு ஒண்ணு இருந்துச்சு. தாத்தா, அப்பா, மகன்னு பேரோட முதல் எழுத்துங்களைக் கோத்து மூணு நாலு எழுத்து, அதுதான் கடைக்கும் பேரு, கணக்குப் புத்தகத்துலயும் அதுதான், ரங்கூன் மொகல் தெருவுல போய் அந்த எழுத்தைச் சொன்னா எந்த ஊரு எந்த வீடுன்னு தெரிஞ்சுடும். இன்னைக்கு நாங்க லட்சக்கணக்குல பீஸ் வாங்கிட்டு பிராண்டுன்னு சொல்றதை அவங்க நாலு எழுத்துல முடிச்சுட்டாங்க.

போன வருஷம் இதே மாதிரி ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போயிருந்தேன். ரெண்டு நாள் நிலைக்கதவு வேலைப்பாடு, தூண், மேல இருக்கற சுதை பொம்மைன்னு போட்டோ எடுத்துக்கிட்டே இருந்தேன், எதுவும் மனசுல உக்காரலை. மூணாவது நாள் வீட்டோட பின்பக்கம் மூணாங்கட்டுல ஒரு அம்மா பழைய பித்தளைத் தவலையைப் புளி போட்டுத் தேச்சுக்கிட்டு இருந்தாங்க. விளிம்புக்குக் கீழே ஏதோ சொரசொரன்னு தெரிஞ்சுது, குனிஞ்சு பாத்தா புள்ளிப் புள்ளியா வெட்டின விலாசம். உளியை வச்சு ஒவ்வொரு தட்டா தட்டினது, தேச்ச இடமெல்லாம் மஞ்சளா மின்னுது, புள்ளிக்குழிக்குள்ள மட்டும் கறுப்பு அப்படியே நிக்குது, அதனால எழுத்து முன்னைவிடத் தெளிவா தெரியுது. ‘சி’யோட மேல் வளைவை அந்த ஆளு மூணே புள்ளியில முடிச்சிருக்காரு, ஆனா கண்ணு அதை வளைவாத்தான் படிக்குது. பக்கத்துல இருந்த அகலமான எழுத்தைப் பாத்திரத்தோட வளைவுக்கு ஏத்த மாதிரி லேசா சாய்ச்சிருக்காரு. நான் ஒரு மெல்லிசான பேப்பரை மேல வச்சு பென்சிலால தேய்ச்சு எடுத்தேன், அதுதான் அந்த வீட்டு லோகோ. நான் புதுசா செஞ்சது, ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவுல இடைவெளியைச் சரி பண்ணினது மட்டும்தான்.

புள்ளியில இருந்ததால அது எங்கே போனாலும் வேலை செஞ்சுது. ஒரே கலர்ல அச்சடிக்கலாம், துண்டு ஓரத்துல தையல் போடலாம், சாவிக்குப் பித்தளைத் தகடு அடிச்சப்போ பாத்திரத்துல பேர் வெட்டறவரையே கூப்பிட்டு உக்கார வச்சு வெட்டச் சொன்னோம். ஒரு தகட்டுக்கும் இன்னொரு தகட்டுக்கும் மயிரளவு வித்தியாசம் இருக்கும், அது அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டோம்.

அதனால ஆச்சி, உங்க வீட்டுலயும் பாத்திரம், இரும்புப் பெட்டி, ஜன்னல் கிரில், வாசல் இரும்புக் கேட், பழைய லெட்டர் பேடு, ரப்பர் ஸ்டாம்பு, பர்மாவிலேர்ந்து வந்த டிரங்குப் பெட்டி எல்லாத்தையும் வெளிய எடுத்து வச்சு அந்தத் தம்பி மகனையே போட்டோ எடுக்கச் சொல்லுங்க. வேலையும் அவனையே பண்ணச் சொல்லுங்க, தேடி எடுத்தப்புறம் அவன் கை வேற மாதிரி போகும்.

ரெண்டு எச்சரிக்கை மட்டும் சொல்லணும். விலாசம் ஒருத்தர் சொத்தில்லை, 14 புள்ளிக்கும் பொது. எல்லாரும் சம்மதிச்சு ஒரு தாள்ல கையெழுத்துப் போட்டப்புறம் அதைத் தொடுங்க. பங்காளில யாராவது அதே எழுத்துல சென்னையிலயோ கோலாலம்பூர்லயோ கம்பெனி நடத்திக்கிட்டு இருந்தா டிரேட்மார்க் பதிவு இருக்கான்னும் பாத்துக்கணும், பின்னாடி கோர்ட்டுக்குப் போற மாதிரி ஆகக்கூடாது. இன்னொண்ணு, வாசல் மேல இருக்கற கஜலட்சுமியை லோகோவுக்கு எடுக்காதீங்கன்னு கைகூப்பிக் கேட்டுக்கறேன். லோகோன்னு ஒண்ணு ஆயிட்டா அது சோப்பு உறையில வரும், டிஷ்யூ பேப்பர்ல வரும், அறையில போட்டிருக்கற செருப்புல வரும், கடைசியில குப்பைக்கூடைக்குப் போகும். நிலைக்கு மேல உக்காந்து நாலு தலைமுறையைப் பாத்த தெய்வத்துக்கு அது வேண்டாம்.

வீட்டு முகப்பை அப்படியே வரையறதும் சரி வராது. அந்த முகப்புல எத்தனை தூண், எத்தனை வளைவு, கைப்பிடிச்சுவர் மேல எத்தனை பொம்மை! வாட்ஸ்அப் டிபி அளவுக்குச் சுருக்கினா எல்லாம் சேர்ந்து ஒரு கறுப்புக் கட்டியா ஆயிடும். எதைப் போட்டாலும் முதல்ல தீப்பெட்டிப் படத்துல பாதி அளவுக்கு பிரிண்ட் எடுத்து, வீட்டுல கண்ணாடி போடற பெரியவங்ககிட்ட கண்ணாடியைக் கழட்டச் சொல்லிக் காட்டுங்க. அவங்க என்னன்னு சொல்லிட்டா லோகோ தேறிடுச்சு.

கலரை போன்ல தேடாதீங்க. காலையில தரையைத் துடைச்சுட்டு ஈரம் காயறதுக்குள்ள ஆத்தங்குடிக் கல்லைப் பாருங்க, அந்தச் செங்காவியும் மஞ்சளும் இலைப்பச்சையும் அப்போதான் உண்மையான கலர்ல தெரியும். அதுல ரெண்டு எடுத்தா போதும். இல்லேன்னா பெட்டியில இருக்கற பழைய கண்டாங்கிச் சேலையை விரிச்சுப் பாருங்க, கட்டமும் கரையும் அந்த அரக்கும் மஞ்சளும் எப்படிச் சேரும்னு உங்களுக்குத் தெரியாததா.

கேள்வி: நான் சென்னையில டிசைன் படிக்கறேன். ஒரு பழைய பங்களாவோட பேரை லோகோவுல எழுதணும், வாசல்ல இருக்கற கல்வெட்டுல ‘லை’, ‘ணை’ எல்லாம் யானைத் துதிக்கை மாதிரி பழைய வடிவத்துல இருக்கு. அதையே போடலாமா? எந்த ஃபாண்ட் எடுக்கலாம்?

பதில்: தாராளமா போடலாம் தம்பி, ஆனா எங்க போடறோம்னு பாத்துப் போடணும். 1978-ல தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டு வந்தப்போ 13 எழுத்தோட வடிவம் மாறுச்சு. ணை, லை, ளை, னை, அப்புறம் ணா, றா, னா, அதோட ஒகர ஓகார வரிசையில ஆறு. பெரியார் அதுக்குப் பல வருஷம் முன்னாடியே தன் பத்திரிகையில புது வடிவத்தை அச்சடிச்சுக்கிட்டு இருந்தாரு. அதனால 1978-க்குப் பின்னாடி பள்ளிக்கூடம் போனவங்களுக்குத் துதிக்கை ‘லை’ ஒரு நொடி யோசிச்சுப் படிக்கற எழுத்து. லோகோவுல ஒரு நொடி யோசிச்சா தப்பில்லை, அந்த நொடியிலதான் வீட்டோட வயசு தெரியும். ஆனா ‘மாடிப்படி’, ‘கழிவறை’ன்னு வழி காட்டற போர்டுல அந்த ஒரு நொடிகூட விருந்தினர்கிட்ட கேக்கக்கூடாது, அங்கே இன்னைக்கு எழுதற எழுத்துதான். லோகோவுக்குக் கீழேயும் பேரைச் சின்னதா இன்னைக்கு வடிவத்துல ஒருதடவை எழுதிடு.

கல்வெட்டு எழுத்தைப் பக்கத்துல போய்ப் பாரு. கொத்தினவர் உளியை எந்தப் பக்கம் பிடிச்சாரோ அந்தப் பக்கம் கோடு மெலிசா முடியும், எல்லா எழுத்துலயும் அது ஒரே மாதிரி இருக்கும். அந்த முடிவைப் பிடிச்சுட்டா எழுத்து பூரா உன் கைக்கு வந்துடும், அப்புறம் கல்வெட்டுல இல்லாத எழுத்தைக்கூட அதே கையில எழுதலாம்.

போர்டுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, காட்டமரன் இதெல்லாம் திறந்த உரிமத்துல கிடைக்குது, வியாபாரத்துக்கும் காசு கொடுக்க வேண்டாம். நெட்ல எங்கிருந்தோ இறக்கின ஃபாண்டைப் போட்டு போர்டு அடிச்சுட்டு, ஆறு மாசம் கழிச்சு வக்கீல் நோட்டீஸ் வந்து முழிச்சவங்களை எனக்குத் தெரியும். எதை எடுத்தாலும் ‘ஞ’, ‘ழு’, ‘ணு’, ‘கூ’, ‘ஜி’ அஞ்சையும் அடிச்சுப் பாத்துட்டு எடு. தமிழ்ல மேலயும் கொம்பு போகும், கீழயும் வால் போகும், வரிக்கு நடுவுல இங்கிலீஷுக்கு விடற இடம் பத்தாது. இங்கிலீஷை வச்சு போர்டை முடிச்சுட்டு மிச்ச இடத்துல தமிழைத் திணிக்கறவங்கதான் அதிகம், நீ தமிழை முதல்ல உக்கார வச்சுட்டு இங்கிலீஷுக்கு இடம் பாரு.

கேள்வி: தேவகோட்டை பக்கம் ஒரு பெரிய வீட்டை மேனேஜரா பாத்துக்கறேன். முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் அடுத்த தெரு, அவ்வளவு நீளம். விருந்தினர் தினமும் வழி தவறிடறாங்க, டைனிங் தேடிப் போய் வீட்டுக்காரங்க சாமி அறைக்கு முன்னாடி நிக்கறாங்க. ஏ4 பேப்பர்ல அம்புக்குறி போட்டு லேமினேட் பண்ணி 40 இடத்துல ஒட்டிட்டேன், அப்பவும் என்னைத்தான் வந்து கேக்கறாங்க. இன்னும் எத்தனை போர்டு வைக்கணும்?

பதில்: அந்த 40-ஐயும் இன்னைக்கே எடுத்துடுங்க சார், கோவிச்சுக்காதீங்க. நாப்பது பேர் ஒரே நேரத்துல பேசினா ஒருத்தர் சொல்றதும் காதுல விழாது, அதே கதைதான்.

போர்டைப் பத்தி யோசிக்கறதுக்கு முன்னாடி வீடு என்ன சொல்லுதுன்னு பாருங்க. முகப்புத் திண்ணையில நின்னு உள்ள பாத்தா, நிலைக்கதவு, வளவு (தூண் சூழ்ந்த நடுமுற்றம்), இரண்டாங்கட்டு, மூணாங்கட்டுன்னு கதவுக்கு நேரா கதவு, கடைசியில பின்வாசல் வெளிச்சம் ஒரு சின்னச் சதுரமா தெரியும். கட்டினவங்க காத்துக்கும் வெளிச்சத்துக்கும் அப்படி வச்சாங்க, வழி காட்டறதுக்கும் அதைவிடப் பெரிய போர்டு கிடையாது. அதனால முன்னாடி பின்னாடி யாரும் தவறறதில்லை. தவறறது இடது வலதுலதான். வளவோட நாலு பக்கமும் ஒரே மாதிரித் தூண், ஒரே மாதிரிக் கதவு, ஒவ்வொரு மகனுக்கும் சமமா இருக்கணும்னு அப்படிக் கட்டினது, அந்த நியாயம் இன்னைக்கு வெளியூர்க்காரரைச் சுத்த விடுது. அறையை விட்டு வெளிய வந்த உடனே எந்தப் பக்கம் தெருன்னு தெரியாது.

ஒரு காரியம் பண்ணுங்க. வீட்டுக்குள்ள வந்தே இல்லாத ஒருத்தரைக் கூப்பிடுங்க, ஆட்டோக்கார அண்ணனா இருக்கலாம், பக்கத்துப் பள்ளிக்கூடத்து டீச்சரா இருக்கலாம். கையில ஒரு அறைச் சாவியைக் கொடுத்து அறைக்குப் போயிட்டு அப்படியே சாப்பிட வாங்கன்னு சொல்லிட்டு, வாயைத் திறக்காம பின்னாடியே போங்க. எங்கே நிக்கறாங்களோ, எங்கே தலையைத் திருப்பறாங்களோ அங்கே தரையில சாக்பீஸால ஒரு கோடு. அஞ்சு பேரை இப்படி நடத்திப் பாத்தப்போ ஒரு வீட்டுல எனக்கு மொத்தம் 7 இடத்துலதான் கோடு விழுந்துச்சு, அதுலயும் நாலு ஒரே வளவோட மூலைங்க. அந்த வீட்டுல 7 போர்டுதான் வச்சோம். திரும்பி வர்ற வழிக்கும் நடத்திப் பாருங்க, போறப்போ தெரியற போர்டு வர்றப்போ முதுகு காட்டிக்கிட்டு நிக்கும், அதை எல்லாருமே மறந்துடறாங்க.

பேரு விஷயத்துல பிடிவாதமா இருங்க. ‘பிளாக் ஏ’, ‘கோர்ட்யார்டு 2’ன்னு எழுதாதீங்க. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டுன்னு வீட்டுல சொல்ற பேரையே எழுதி, கீழே இங்கிலீஷ் எழுத்துல அதே உச்சரிப்பு, அதுக்குக் கீழே என்னன்னு ஒரே வரி. ரெண்டாவது நாள் பிரான்ஸ்லேர்ந்து வந்த விருந்தினரே போன்ல ‘வளவு’ல உக்காந்திருக்கேன்னு சொல்வாரு, நான் காதால கேட்டிருக்கேன். அறைக்கு நம்பர் இருக்கட்டும், கூடவே அறையில நிஜமா இருக்கற ஒரு விஷயத்தைப் பேரா வைங்க, கதவு மேல பச்சைக் கண்ணாடி இருந்தா பச்சைக் கண்ணாடி அறை, ஜன்னல்ல வேப்பமரம் தெரிஞ்சா வேப்பமர அறை. நம்பர் மறந்தாலும் பச்சைக் கண்ணாடி மறக்காது.

‘உணவுக்கூடம்’னு நீட்டி எழுதறதைவிட ‘சாப்பாடு’ போதும், எழுத்தைப் பெரிசா போட இடம் கிடைக்கும். சைன் போர்டு தொழில்ல ஒரு கணக்கு சொல்வாங்க, 25 அடி தூரத்துக்கு 1 இன்ச் எழுத்து உயரம்னு. அது நல்ல கண்ணு, நல்ல வெளிச்சத்துக்கு உள்ள கணக்கு. வளவுல சாயங்காலம் வெளிச்சம் சரிஞ்சுடும், வர்றவங்கள்ல பாதி வயசானவங்க, அதனால ரெண்டு மடங்கா வச்சுக்கோங்க. தமிழுக்கு உயரம் அளக்கறப்போ ‘ப’, ‘ட’ மாதிரி உடம்பு எழுத்தை அளங்க, கொம்பையும் வாலையும் சேத்து அளந்துட்டா போர்டு வந்தப்புறம் எழுத்து சின்னதாப் போயிடும்.

தேக்குப் பலகையில பித்தளை எழுத்து வைக்கணும்னு நிறைய பேருக்கு ஆசை. போட்டோவுல ராஜ களை, ஒத்துக்கறேன். ஆனா தேக்கும் மங்கலான பித்தளையும் ஒரே பழுப்பு, பளபளன்னு தேச்சா வளவு வெளிச்சம் அடிச்சுக் கண்ணு கூசும், ரெண்டுலயும் படிக்க முடியாது. கருமரத்துல சுண்ணாம்பு வெள்ளை எழுத்து, பெயின்ட்ல கையால எழுதினது, அது மங்கின வெளிச்சத்துலயும் தெரியும். காரைக்குடியில இன்னும் கையால போர்டு எழுதற ஆர்ட்டிஸ்டுங்க இருக்காங்க, அவங்களுக்கு வேலை கொடுங்க.

சாமி அறைக்கு ‘உள்ளே வராதீர்’னு போடாதீங்க, வந்தவங்களை அடிச்சு விரட்டற மாதிரி இருக்கு. ‘இது எங்க வீட்டு சாமி அறை, இங்கே நின்னு பாத்துக்கோங்க’ன்னு எழுதிப் பாருங்க. அதைப் படிச்சுட்டுத் தாண்டி வந்தவங்களை நான் பாத்ததில்லை.

அவசர வழிக்கு மட்டும் பழைய வீட்டு அழகு பாக்காதீங்க. பச்சைப் பலகையில வெள்ளைக் கதவை நோக்கி ஓடற ஆள், ஜப்பான் டிசைனர் யுகியோ ஓட்டா வரைஞ்சது, இன்னைக்கு உலகத்துல நிறைய நாட்டுல அதே படம்தான். கூரை, தூண், கதவுன்னு இவ்வளவு பர்மாத் தேக்கு இருக்கற வீட்டுல ராத்திரி புகை வந்தா அந்தப் பச்சையைத்தான் கண்ணு தேடும். அதை அரக்குக் கலருக்கு மாத்தறேன், பூ வேலை போடறேன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க.

கேள்வி: சுவர்ல டிரில் போடக்கூடாதுன்னு எங்க அப்பத்தா சண்டை போடறாங்க. சின்ன ஓட்டைதானே, அப்புறம் சிமெண்ட் வச்சு அடைச்சுக்கலாம்ல?

பதில்: அப்பத்தா சொல்றதைக் கேளுங்க. அந்தச் சுவர் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய், பனைவெல்லம்னு சேத்து அரைச்சு, ஒரு பூச்சு மேல இன்னொரு பூச்சா இழுத்து, கடைசியில கல்லால தேச்சு மெருகேத்தினது. கன்னத்தை வச்சா குளிரும். டிரில் போட்டா ஓட்டை மட்டும் விழாது, சுத்தி முடி மாதிரி விரிசல் ஓடும், பூச்சு உள்ள இருந்தே கழண்டு டொக்கு டொக்குன்னு சத்தம் வரும். சிமெண்ட் வச்சு அடைச்சா அது இன்னும் மோசம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளிய விடும், சிமெண்ட் விடாது, ஈரம் சிமெண்டைச் சுத்தி தேங்கி, மழைக்காலம் முடியறப்போ அந்த இடம் உப்பு பூத்து உதிரும்.

டேப் ஒட்டினா பரவாயில்லைன்னு நினைக்காதீங்க. அந்தத் தப்பை நானே பண்ணியிருக்கேன். வேலைக்கு வந்த புதுசுல ஒரு வீட்டுல டபுள் டேப் போட்டு போர்டு ஒட்டினோம், ஒரு வருஷம் கழிச்சு மாத்தறதுக்கு எடுத்தப்போ உள்ளங்கை அளவுக்கு மெருகு பூரா டேப்போட வந்துடுச்சு. அந்த வீட்டுப் பெரியவர் ஒண்ணுமே சொல்லலை, அந்த இடத்தைக் கையால தடவிப் பாத்துட்டு உள்ள போயிட்டாரு. 90 வருஷம் கண்ணாடி மாதிரி நின்ன சுவர். அன்னையிலேர்ந்து பழைய பூச்சுல நான் எதையும் ஒட்டறதில்லை.

வழி நிறைய இருக்கு. அடியில கனமான கருங்கல் வச்ச ஸ்டாண்டு, கல்லுக்கு அடியில ஃபெல்ட் துணி, தரையில கீறல் விழாது. மோட்டு உத்தரத்துல விளக்கு மாட்டறதுக்கு ஏற்கனவே கொக்கி, வளையம் இருக்கும், அதுல சங்கிலி போட்டுத் தொங்க விடலாம். தூணைச் சுத்தித் தோல் பட்டை போட்டுக் கட்டலாம், பட்டையை வாரத்துக்கு ஒருதடவை தளர்த்தி உள்ள ஈரம் இல்லையான்னு பாக்கணும். கட்டாயம் ஆணி வேணும்னா பின்கட்டுல பிற்காலத்துல சிமெண்ட்ல கட்டின சுவர் இருக்கும், பாத்ரூம் பக்கம், அங்கே அடிங்க, துரு இறங்காத ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவா போடுங்க. புதுசா பாத்ரூமுக்குத் தரை போடறதா இருந்தா ஆத்தங்குடிக்கே போய் ஒரு அம்புக்குறி வச்ச கல்லு அடிக்கச் சொல்லலாம். கண்ணாடி மேல அச்சை வச்சு, பிரிச்ச கட்டத்துல கலரை ஊத்தி, மேல சிமெண்ட் மணல் போட்டு, தண்ணியில ஊற வச்சு வெயில்ல காய வைப்பாங்க, உங்க அளவுக்கு ஒரு அச்சு பண்ணிக் கொடுத்தா முடிஞ்சுது. பழைய தரையைப் பேத்துட்டு மட்டும் அதை வைக்காதீங்க.

கேள்வி: எங்க வீட்டு வாசல்ல ‘யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய வீடு’ன்னு போர்டு வைக்கலாம்னு ஏஜென்ட் சொல்றாரு. வைக்கலாமா?

பதில்: வைக்காதீங்க. செட்டிநாட்டு ஊர்கள் 2014-லேர்ந்து யுனெஸ்கோவோட தற்காலிகப் பட்டியல்ல இருக்கு. அந்தப் பட்டியல்ல பேர் வர்றது வேற, உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிக்கறது வேற. அவங்க பேரையும் முத்திரையையும் அனுமதி இல்லாம போடவும் கூடாது. அதுக்குப் பதிலா வீடு கட்டி முடிச்ச வருஷம் தெரிஞ்சா அதை எழுதுங்க, கட்டின கொத்தனார், ஸ்தபதி பேர் குடும்பத்துல யாருக்காவது ஞாபகம் இருந்தா அதையும் எழுதுங்க. வர்றவங்க நின்னு படிப்பாங்க.

கேள்வி: புதுச்சேரியில பழைய பிரெஞ்சு வீட்டுல கஃபே ஆரம்பிக்கறோம். தெருப்பேர் போர்டு மாதிரியே நீல எனாமல்ல வெள்ளை எழுத்துல உள்ளேயும் போர்டு வைக்கலாம்னு ஐடியா.

பதில்: எனக்கும் அந்த நீலப் பலகை உயிர். அதனாலதான் வேண்டாம்னு சொல்றேன். தமிழும் பிரெஞ்சுமா இருக்கற அந்தப் பலகை ஊரோட குரல், அது தெரு மூலையில இருந்தா தெருவைச் சொல்லுது, அதையே எல்லாக் கடையும் கழிவறைக் கதவுலயும் மெனு கார்டுலயும் போட ஆரம்பிச்சா கடைசியில தெருப்பலகை கடை விளம்பரம் மாதிரி ஆயிடும். எனாமலை வச்சுக்கோங்க, கடல் காத்துக்கு அது நல்லா தாங்கும், கலரை மட்டும் உங்க ஜன்னல் கதவோட பழைய பெயின்ட்லேர்ந்து எடுங்க. மேல் பெயின்ட்டை ஒரு பைசா அளவுக்குச் சுரண்டினா அடியில நாலஞ்சு அடுக்கு தெரியும், அதுல ஒண்ணு கண்டிப்பா பிடிக்கும். ஓட்டை போடறதை எல்லாம் எனாமல் சுடறதுக்கு முன்னாடியே போட்டுடச் சொல்லுங்க, பின்னாடி போட்டா விளிம்பு தெறிச்சு அந்த இடத்துலேர்ந்து துரு பிடிக்கும்.

கேள்வி: நான் சக்கர நாற்காலியில இருக்கேன். பழைய வீடுகளைப் பாக்க ரொம்ப ஆசை. போனா ஒவ்வொரு வாசல்லயும் நிலைப்படி. எந்த போர்டும் முன்கூட்டிச் சொல்றதில்லை, உள்ள போய்த்தான் தெரியுது. இதைப் பத்தி எழுதுங்களேன். – மதுரையிலிருந்து ஒரு வாசகி

பதில்: அம்மா, உங்க கடிதத்தை நான் மூணு தடவை படிச்சேன். இத்தனை வருஷத்துல நான் செஞ்ச வேலையில நிலைப்படியை ‘பாத்து வாங்க’ன்னு எழுதியிருக்கேன், நிலைப்படி இல்லாத வழி எதுன்னு எழுதினது ரொம்பக் கம்மி. அது தப்பு.

வீட்டுக்காரங்களுக்குச் சொல்றேன். நிறைய வீட்டுல பின்தெரு வாசல்ல வண்டி உள்ள வர்ற அளவுக்கு அகலமான கதவு இருக்கும், படியும் தாழ்வா இருக்கும். எந்த வாசல், எத்தனை படி, ஒவ்வொரு நிலைப்படியும் எத்தனை இன்ச், சக்கர நாற்காலி எதுவரைக்கும் போகும்னு முன்வாசல்லயே ஒரு சின்ன வரைபடமா வைங்க, போன்ல புக் பண்றப்பவும் அதையே அனுப்புங்க. மரப்பலகையில ரெண்டு பக்கமும் சாய்வா ஒரு ராம்ப் பண்ணி வச்சா நிலைப்படியைத் தொடாமலே தாண்டலாம், வேலை முடிஞ்சா எடுத்து வச்சுடலாம். தொட்டுப் படிக்கற எழுத்தும் பிரெய்லும் வைக்கறதா இருந்தா தரையிலேர்ந்து 4 அடிக்கும் 5 அடிக்கும் நடுவுல வரணும், கதவோட கைப்பிடிப் பக்கமா இருக்கணும். தமிழுக்குப் பாரதி பிரெய்ல் இருக்கு, அச்சுக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி அதைப் படிக்கத் தெரிஞ்ச ஒருத்தர் விரலால தடவிப் பாத்து சரின்னு சொல்லணும். தலை இடிக்கற தாழ்ந்த கதவுக்கு, கதவு மேல எழுதினா யாரும் பாக்க மாட்டாங்க, எல்லாரும் குனிஞ்சு காலைப் பாத்துத்தான் நடப்பாங்க, அதனால ரெண்டடி முன்னாடி நடக்கறவங்க கண்ணுல படற உயரத்துல ஒரு பலகையா வைங்க.

உங்களுக்கு நேரம் இருந்தா அம்மா, எனக்கு ஒரு உதவி பண்ணுங்க. கொத்தமங்கலம் பக்கம் அடுத்த மாசம் ஒரு வீட்டுல வேலை ஆரம்பிக்கறேன். சாக்பீஸ் கோடு போடற அன்னைக்கு முதல் ஆளா நீங்க வாங்க. வண்டி ஏற்பாடு நான் பண்றேன், பத்திரிகை ஆபீசுக்கு ஒரு வரி எழுதிப் போட்டா போதும்.